ராட்சதப் பூசணிக்குச் செயற்கை ஒளி: குடிலுக்குள் விளக்கு போட்டால் எடை கூடுமா?

பதிவு 1 | தென்கரைத்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் தென்கரையில் வசிக்கிறேன். வரும் பருவத்தில் அட்லாண்டிக் ஜெயண்ட் ரகப் பூசணியைத் திறந்த வெளியில் அல்லாமல், ஏறத்தாழ 80 சதுர மீட்டர் பரப்புள்ள பாலித்தீன் குடிலுக்குள் ஒரே கொடியாக வளர்க்க எண்ணியுள்ளேன். எங்கள் ஹாம்ப்ஷயர் வட்டாரத்து லிமிங்டனைச் சேர்ந்த இயன் பேட்டன், ஸ்டூவர்ட் பேட்டன் என்ற இரட்டையர்கள் 2025 அக்டோபரில் 1278.8 கிலோ எடையுள்ள காயைத் தராசில் ஏற்றி உலகச் சாதனை படைத்ததிலிருந்து, இங்கே பூசணிப் பித்து சற்றுக் கூடுதலாகவே பரவியிருக்கிறது. அது என்னையும் விட்டுவைக்கவில்லை.

என் கேள்வி விளக்குகளைப் பற்றியது. ஏப்ரலில் வீட்டுக்குள் நாற்று வளர்க்க ஒரு விளக்கு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொடி முழுவதும் படர்ந்த பிறகு, ஜூலை முதல் செப்டம்பர் வரை, குடிலின் கூரையிலிருந்து எல்.இ.டி. விளக்குகளைத் தொங்கவிட்டு நாள்தோறும் சில மணி நேரம் எரித்தால், அது காயின் எடையில் தெரியுமா? விற்பவர்களிடம் கேட்டால் எத்தனை வாட் என்பதைத் தவிர வேறு எதையும் சொல்வதில்லை. இந்த ஊர் வானம் பாதி நாள் மூடியே கிடப்பதால், ஒளி போதவில்லை என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அனுபவமும் கணக்கும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதிவு 2 | ஒளிக்கணக்கு

வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. செடி பெறும் ஒளியின் அளவு அன்று. செடியின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு சதுர மீட்டர் இலைப்பரப்பின் மேல் ஒரு நாளில் எத்தனை மோல் ஒளித்துகள் விழுகிறது (மோல் என்பது துகள்களை எண்ணும் பேரலகு; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல்) என்பதே பேச வேண்டிய அளவு. இதை நாள் ஒளித்தொகை என்று வைத்துக்கொள்வோம்.

தென் இங்கிலாந்தில் ஜூன் மாதச் சராசரி நாள் ஒளித்தொகை வெட்டவெளியில் ஏறத்தாழ 35 முதல் 40 மோல். பாலித்தீன் தாளும் சட்டங்களும் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், உள்ளே இருக்கும் இலைக்கு 26 மோல் அளவில் கிடைக்கும். தாளில் பாசியும் தூசியும் படிந்திருந்தால் அதுவும் குறையும். ஆகஸ்டில் உள்ளே ஏறத்தாழ 22, செப்டம்பர் நடுவில் 17, அக்டோபர் தொடக்கத்தில் 11 என்று இறங்கிக்கொண்டே போகும்.

இப்போது விளக்குக்கு வருவோம். 80 சதுர மீட்டர் பரப்புக்கும், சதுர மீட்டருக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல் என்ற அளவில் ஒளி தர, நொடிக்கு மொத்தம் 16,000 மைக்ரோமோல் தேவை. நல்ல எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 2.7 மைக்ரோமோல் தரும் என்று கொண்டால், ஏறக்குறைய 6 கிலோவாட் ஆகிறது. அதாவது 600 வாட் விளக்குகள் பத்து. அவற்றை நாளுக்கு 6 மணி நேரம் எரித்தால் 36 யூனிட் மின்சாரம் செலவாகி, இலைக்குக் கூடுதலாகக் கிடைப்பது 4.3 மோல். ஜூனில் இது 16 விழுக்காடு கூடுதல், ஆகஸ்டில் சுமார் 20, செப்டம்பர் நடுவில் 25, அக்டோபர் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 40. யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று வைத்தால் 90 நாளுக்குச் சுமார் 800 பவுண்டு மின்கட்டணம். விளக்குகளின் விலை தனி.

விளக்கை எப்போது எரிப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. நண்பகல் வெயிலில் மேலிலைகள் ஏற்கெனவே தம்மால் இயன்ற அளவை நெருங்கிவிட்டிருக்கும். அப்போது கூட்டித் தரும் ஒளியில் பெரும்பகுதி வீணாகும். விடியற்காலையிலும் மாலையிலும் மப்பு மூடிய பகலிலும் தரும் அதே ஒளியைச் செடி முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும். ஆகையால் டைமரை மட்டும் நம்பாமல், ஒளி உணரி ஒன்றைப் பொருத்தி, வெளிச்சம் குறைந்த வேளையில் மட்டும் விளக்கு எரியுமாறு அமைத்தால் கட்டணத்தில் கணிசமான பங்கு மிச்சமாகும்.

பதிவு 3 | கொடிவீடு

கனடாவின் ஒன்டாரியோவில் பல பருவங்களாக இந்த ரகத்தை வளர்த்துவருகிறேன். நாற்றுப் பருவ விளக்கில் ஐயமில்லை என்று நண்பர் ஒரே வரியில் கடந்துவிட்டார். என் மதிப்பீட்டில் விளக்கு தன் விலைக்கு மேல் உழைப்பது அந்தச் சில வாரங்களில்தான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விதையின் ஓரத்தை அரத்தால் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, 30 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் வைத்தால் நான்கைந்து நாளில் முளை மண்ணை முட்டிக்கொண்டு எழும். அந்த முளை வளைவு கண்ணில் பட்ட அன்றே விளக்கு எரியத் தொடங்க வேண்டும்; வித்திலைகள் விரியட்டும் என்று காத்திருந்தால், தண்டு அதற்குள் ஒளி தேடி நீண்டுவிடும். சன்னலோரத்தில் வைத்த நாற்று கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, விரல் நீளத்துக்கு வெளிறிய தண்டோடு நிற்கும். விளக்கின் நேர் கீழே வளர்ந்த நாற்றின் வித்திலைகள் தொட்டியின் விளிம்பை ஒட்டிப் படுத்தாற்போல் தடித்துக் கரும்பச்சையாக இருக்கும். இரண்டையும் அருகருகே பார்த்தவர் பிறகு சன்னலை நம்ப மாட்டார்.

நாற்றுக்கு நொடிக்கு 200 முதல் 300 மைக்ரோமோல் வரை, நாளுக்கு 16 மணி நேரம் போதுமானது. அந்தச் சிறு பரப்புக்கு 100 வாட் எல்.இ.டி. ஒன்றே மிகுதி. விளக்கை முதலில் சற்று உயரத்தில் வைத்து, இலை விரிய விரியக் கீழே இறக்க வேண்டும். புறங்கையை இலை மட்டத்தில் வைத்துப் பார்த்துச் சூடு தெரியவில்லை என்பதால் ஒளியும் அளவோடு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது, எல்.இ.டி. விளக்கில் சூடு உணராமலேயே இலை வெளுத்துவிடும்.

முதல் உண்மை இலை எந்தப் பக்கம் விரிகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கமாகவே முதன்மைக் கொடி ஓடும். நடவு செய்யும்போது அந்தத் திசை பார்த்து நட்டால், பிறகு கொடியைத் திருப்புகிறேன் என்று வளைத்து முறிக்க வேண்டியதில்லை. விளக்கு பக்கவாட்டில் இருந்தால் நாற்று சாய்ந்து இந்த அடையாளமே குழம்பிப்போகும். விளக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, ஊதா நிற விளக்கு வேண்டாம். சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த அந்த ஒளியில் இலைகள் எல்லாம் ஒரே கருநிறமாகத் தெரியும். சாம்பல் நோயின் முதல் வெண்புள்ளியோ, தேமல் நோயின் மஞ்சள் திட்டோ, இலையின் அடியில் ஒட்டியிருக்கும் அசுவினியோ கண்ணுக்குப் புலப்படாது. வெள்ளை ஒளி தரும் விளக்கே நல்லது. குடிலுக்குள் மாலை வேளையில் நின்று கொடியைப் பார்ப்பதற்கும் அதுவே வசதி.

பதிவு 4 | தென்கரைத்தோட்டம்

இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்ததும் ஒரு துணைக்கேள்வி எழுகிறது. அலாஸ்காவில் பால்மர் நகரில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்கு டேல் மார்ஷல் என்பவர் 2022 இல் 2147 பவுண்டு, அதாவது 974 கிலோ எடையுள்ள பூசணியைக் கொண்டுவந்தார். அங்கே ஜூன் மாதத்தில் நாளுக்கு 19 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. அவ்வளவு குளிர்ந்த நாட்டில் அவ்வளவு பெரிய காய் விளைந்தது நீண்ட பகலால்தான் என்றால், விளக்கால் பகலை நீட்டுவது எனக்கும் உதவ வேண்டுமல்லவா?

பதிவு 5 | வேர்மண்

அலாஸ்கா எடுத்துக்காட்டைக் கவனமாகக் கையாள வேண்டும். அங்கே பகல் நீளம், ஆனால் சூரியன் தாழ்வாகவே சுற்றிவருவதால் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் ஒளி குறைவு. நாள் ஒளித்தொகை என்று கூட்டிப் பார்த்தால், தெற்கே உள்ள ஊர்களை மிஞ்சும் அளவுக்கு அது போவதில்லை. மேலும் அந்தக் கண்காட்சி ஆகஸ்ட் இறுதியில் கூடுகிறது. மற்ற நாட்டுக்காரர்களுக்குக் கிடைக்கும் செப்டம்பர் மாதம் அங்குள்ளவர்களுக்கு இல்லை. ஆகவே அங்கே காயைப் பெரிதாக்கியது குடிலின் சூடும் முன்கூட்டியே தொடங்கிய நாற்றும்தான் என்பேன். பகல் நீளத்துக்குத் துணைப்பங்குதான்.

இதற்கு நேர்மாறான ஒப்பீடு ஒன்றைச் சொல்கிறேன். 2021 இல் இத்தாலியின் டஸ்கனிப் பகுதியைச் சேர்ந்த ஸ்டெஃபானோ குட்ரூப்பியின் காய் 1226 கிலோ. 2023 இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த டிராவிஸ் கீங்கரின் காய் 1247 கிலோ. 2025 இல் லிமிங்டன் காய் 1278.8 கிலோ. வெயில் கொளுத்தும் டஸ்கனிக்கும் மப்பு மூடிய தென் இங்கிலாந்துக்கும் ஒளியில் உள்ள வேற்றுமை பெரிது. எடையிலோ 5 விழுக்காடுகூட வேற்றுமை இல்லை, அதுவும் ஒளி குறைந்த ஊரின் பக்கம் சாய்ந்திருக்கிறது. உச்சியில் நிற்கும் காய்களுக்கு ஒளி முதன்மையான தடை என்றால் இப்படி நேர்ந்திருக்காது.

இதற்கு உடலியல் விளக்கமும் உண்டு. ஜெசிகா சாவேஜ், டஸ்டின் ஹெய்ன்ஸ், மிஷல் ஹோல்புரூக் ஆகியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், ராட்சதப் பூசணி ரகங்களை அவற்றின் சிறுகாய் முன்னோடி ரகத்தோடு ஒப்பிட்டார்கள். இலைப்பரப்பிலோ இலையின் ஒளிச்சேர்க்கைத் திறனிலோ ஏற்பட்ட மாற்றத்தால் காய் பெரிதானது என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வேற்றுமை இருந்த இடம் வேறு: இலைக்காம்பிலும் காய்க்காம்பிலும் சர்க்கரையைக் கடத்தும் புளோயம் திசு ராட்சத ரகங்களில் கூடுதல் பரப்புடன் இருந்தது, சூலகத்தின் அமைப்பும் மாறியிருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்து வின்ட்சரில் ஹோவர்ட் டில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரகத்தின் காய் 1981 இல் 493.5 பவுண்டு எடையோடு சாதனை படைத்தது. இன்றைய காய் அதைப்போல் ஐந்தரை மடங்குக்கும் மேல். இந்த இடைக்காலத்தில் விதை தேர்ந்தவர்கள், தங்களை அறியாமலேயே, குழாயின் அகலத்தைத் தேர்ந்துகொண்டே வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். இலையில் கூடுதலாக உணவு உண்டாக்கினாலும், காய்க்குள் போகும் வழி அகலமாக இருந்தால்தான் அது எடையாகும்.

இரவு முழுவதும் விளக்கு எரிக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பகலில் இலையில் சேர்ந்த மாவுச்சத்து இரவிலும் கரைந்து காய்க்குப் போகிறது. நீராவிப்போக்கு குறைந்த அந்த வேளையில்தான் காய் நன்றாக உப்புகிறது. தக்காளியும் கத்தரியும் இடைவிடாத ஒளியில் இலை மஞ்சளித்துக் கெடுவது நன்கு அறியப்பட்டது. பூசணிக்கு நாளுக்குக் குறைந்தது 6 மணி நேர இருட்டு கட்டாயம் தர வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு 6 | ஒளிக்கணக்கு

வேர்மண் அவர்கள் சொன்ன ஆய்வை நானும் அறிவேன். அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்காட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது. ரகத்துக்கும் ரகத்துக்கும் உள்ள வேற்றுமையை ஒளிச்சேர்க்கை விளக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வயலில் வளர்ந்த கொடிகளில், ஒளிச்சேர்க்கையில் இலை சேர்க்கும் கார்பனின் அளவுக்கும் புளோயத்தின் அமைப்புக்கும் காயின் வளர்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு இருந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது. ஒரே ரகத்தை நட்ட ஒருவருக்கு, குழாய் ஏற்கெனவே அகலமாக இருக்கிறது. அதன் வழியே போவதற்குச் சரக்கு போதுமா என்பதுதான் அவருடைய கேள்வி.

டஸ்கனி ஒப்பீட்டிலும் இதே சிக்கல். அங்கே வெயில் அதிகம், ஆனால் கடும் சூட்டில் இலை நண்பகலிலேயே துளைகளை மூடிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஒளி குறைவு, ஆனால் குடிலுக்குள் சூடும் ஈரமும் கைக்குள் இருக்கின்றன. ஒன்றில் இழந்தது மற்றொன்றில் ஈடாகிறது. ஒளியையும் கூட்டித் தந்திருந்தால் லிமிங்டன் காய் இன்னும் எவ்வளவு ஏறியிருக்கும் என்பதற்கு இந்த ஒப்பீட்டில் விடை இல்லை.

விளக்கு காயை இரட்டிப்பாக்கும் என்று நான் சொல்லவில்லை. 20 விழுக்காடு ஒளி கூடினால் எடையும் 20 விழுக்காடு கூடாது. கூடுதல் உணவில் ஒரு பங்கு வேருக்கும் புதுக்கொடிக்கும் போகும். ஆனால் காய் நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறும் உச்சக்கட்டமான ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும், நான்கு நாள் தொடர்ந்து மப்பு மூடினால் காயைச் சுற்றி அளக்கும் அளவுநாடா அதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்த நாள்களுக்கு மட்டுமாவது விளக்கு ஒரு காப்பீடு.

பதிவு 7 | கொடிவீடு

இருவர் வாதத்துக்கும் நடுவே விடுபட்டது இலையின் வயது. விளக்கால் விழுக்காட்டளவில் மிகுதியான ஆதாயம் செப்டம்பர், அக்டோபரில்தான் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் அடிக்கொடியின் இலைகள் முதிர்ந்து கிழிந்து, பாதியாவது சாம்பல் நோயில் வெளுத்திருக்கும். காயும் தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்திருக்கும். மகரந்தம் சேர்த்து எழுபது, எண்பது நாள் கடந்த காய், பளீரென்ற ஒளியிலும் நாளுக்கு ஒன்றிரண்டு கிலோதான் ஏறும். செத்துக்கொண்டிருக்கும் இலைக்கு விளக்கு பிடிப்பதைவிட, ஆகஸ்டிலேயே இலையைக் காப்பாற்றுவதில் பணத்தைப் போடலாம்.

அதற்கும் ஒளியால் ஒரு வழி இருக்கிறது. வெள்ளரியிலும் ஸ்ட்ராபெரியிலும், இரவு இருட்டில் சில நிமிடங்கள் மட்டும் புற ஊதா-பி கதிரைக் காட்டினால் சாம்பல் நோய் அடங்குவது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. பகலில் அதே கதிர் பயன்படாததற்குக் காரணம், பகல் வெளிச்சத்தில் உள்ள நீலக் கதிர்களின் துணையால் பூஞ்சை தன் மரபணுச் சேதத்தைச் சரிசெய்துகொள்வதே. இருட்டில் அதற்கு அந்த வாய்ப்பு இல்லை. பூசணி வெள்ளரியின் குடும்பம்தான் என்றாலும், அளவு கூடினால் இலை கருகும் என்பதால், ஒரு கிளைக்கொடியில் மட்டும் குறைந்த அளவில் தொடங்கிப் பார்ப்பது அறிவுடைமை. இந்த விளக்கு எரியும்போது குடிலுக்குள் யாரும் நிற்கவே கூடாது. கண்ணையும் தோலையும் அது சுடும்.

காயின் மேல் எந்த ஒளியும் வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெயில் நேராகப் பட்டால் தோல் விரைவில் முற்றி இறுகிவிடும். இறுகிய தோல் உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு விரிந்துகொடுக்காமல் வெடிக்கும். வெடிப்பு உட்குழிவு வரை போய்விட்டால் அந்தக் காய் போட்டியில் தகுதி இழக்கும். ஆகவேதான் எல்லாரும் பழைய படுக்கை விரிப்பையோ நிழல்வலையையோ காயின் மேல் கட்டிவைக்கிறார்கள். விளக்கைத் தொங்கவிடும்போது காய்க்கு நேர் மேலே உள்ள இடத்தை விட்டுவிடுங்கள்.

பதிவு 8 | மின்பணி

பூசணியைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. மின்சாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். 6 கிலோவாட் என்பது சாதாரண வீட்டுப் பிளக்கில் செருகி எரிக்கும் சுமையன்று. குடிலுக்கென்று தனி இணைப்பு, அதற்கேற்ற தடிமனுள்ள கேபிள், மின்கசிவு துண்டிப்பான் ஆகியவை கட்டாயம். உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். கொடிக்கு மேலிருந்து பனிபோல் நீர் தெளிக்கும் குடிலில், விளக்குக்கு ஐ.பி. 65 தரமாவது (தூசியும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாத காப்பு) இருக்க வேண்டும். விளக்கின் மின்னோட்டப் பெட்டிகளைக் கூரையில் தொங்கவிடாமல், வெளியே உலர்ந்த பெட்டிக்குள் வைத்தால் பழுதுபார்ப்பதும் எளிது.

பதிவு 9 | தென்கரைத்தோட்டம்

இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. இப்போதைக்கு என் முடிவு இப்படி இருக்கிறது. நாற்றுக்கு 100 வாட் வெள்ளை விளக்கு ஒன்று. குடிலில் பத்து விளக்குகளுக்குப் பதிலாக நான்கு, அவற்றைக் காய்க்கு அண்மையில் உள்ள இலைத்தொகுதியின் மேல் மட்டும், ஒளி உணரியோடு, மப்பு நாள்களில் விடியற்காலையும் மாலையும் எரியுமாறு அமைப்பேன். புற ஊதா விளக்கை இந்தப் பருவம் தொடப்போவதில்லை. பாலித்தீன் தாளைப் புதிதாக மாற்றிவிடுகிறேன். அதிலேயே சில மோல் மீளும் என்று தோன்றுகிறது.

ஒரு கடைசி ஐயம். நாளுக்கு 16 மணி நேர ஒளியில் வளர்ந்த கொடியில் ஆண் பூக்களே மிகுதியாக வந்து பெண் பூ தாமதமாகும் என்று ஒருவர் சொன்னார். அது மெய்யா?

பதிவு 10 | வேர்மண்

மெய்தான், ஆனால் அளவோடு. பூசணிக் குடும்பத்தில் நீண்ட பகலும் மிகுந்த சூடும் ஆண் பூக்களின் பக்கம் சாய்க்கும். குறைந்த பகலும் மிதமான குளிர்ச்சியும் பெண் பூக்களின் பக்கம் சாய்க்கும். இரண்டில் சூட்டுக்கு அஞ்சுவதே முறை. ஜூனில் உங்கள் ஊரில் இயற்கையிலேயே பகல் 16 மணி நேரத்தை ஒட்டி இருப்பதால், விளக்கால் அதற்கு மேல் நீட்டாமல் இருந்தால் போதும். குடிலின் காற்றுத்திறப்புகளை விடியற்காலையிலேயே திறந்து, பூக்கும் வாரங்களில் உள்ளே 30 பாகையைத் தாண்டவிடாதீர்கள். மகரந்தம் சேர்க்கும் நாளில் 32 பாகைக்கு மேல் போனால் பிஞ்சு வெம்பி உதிர்வது மிகுதி. பெண் பூவைச் சுற்றிப் பனிக்கட்டிப் பைகளை வைத்துக் குளிர்விக்கும் வளர்ப்பாளர்களும் இருக்கிறார்கள்.

நாற்று விளக்கை நடவுக்கு முந்தைய வாரத்திலிருந்து படிப்படியாக 14 மணி நேரத்துக்குக் குறைத்து, பகலில் நாற்றை வெளியே வைத்து வெயிலுக்குப் பழக்குங்கள். முதன்மைக் கொடியில் அடியிலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தொலைவில் வரும் பெண் பூதான் உங்களுக்கு வேண்டியது. அதற்கு முந்தைய மாலையே அடுத்த நாள் விரியவிருக்கும் ஆண் பூக்கள் சிலவற்றையும் அந்தப் பெண் பூவையும் துணிப்பையால் மூடிவையுங்கள். அந்தப் பிஞ்சு நிலைத்து உருண்டு வருவது உறுதியாகும் வரை, கிளைக்கொடிகளில் மாற்றாக விட்டுவைத்த பிஞ்சுகளைக் கிள்ள வேண்டாம்.